எரிக்கப்படாத நூல்களின் வாரிசுகள்

நமது மேடைகளில் ஓர் இடாப்பு வாசிக்கப்பட்டு வருகின்றது. பாடசாலையின் மீலாத் விழாவாக இருக்கலாம், அறபுக் கலாசாலையின் பட்டமளிப்பு விழாவாக இருக்கலாம், ஒரு கவிதைத் தொகுதியின் வெளியீடாகக்கூட இருக்கலாம். பேச்சாளர் சூடேறியதும் அந்த இடாப்பைத் திறப்பார். அல் குவாரிஸ்மி, அர் ராஸி, இப்னு ஸீனா, அல் பீரூனி, இப்னுல் ஹைதம், இப்னு ருஷ்த். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கண்டுபிடிப்பு. கடைசியில் 'ஐரோப்பா இருளில் கிடந்தபோது' என்று தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். சபை மகிழ்ந்து கலையும்.

இந்த இடாப்பின் கடைசிப் பெயரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இப்னு ருஷ்த் என்ற பெயரை உச்சரித்துப் பெருமைப்படும் உரிமை நமக்கு இருக்கின்றதா என்பதே எனது கேள்வி. இல்லை என்பதே எனது பதில். நாம் அவரது வாரிசுகள் அல்லர். அவரது நூல்களை எரிக்கச் சொன்ன ஆணையின் வாரிசுகள். இது கடுமையான வார்த்தை என்பது எனக்குத் தெரியும். காரணங்களைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

முதலில் அந்த ஆணை. 1195ஆம் ஆண்டு. ஸ்பெய்னையும் வடமேற்கு ஆபிரிக்காவையும் முவஹ்ஹிதீன்கள் ஆண்ட காலம். கலீபா அபூ யூஸுப் யஃகூப் அல் மன்ஸூர், தனது தந்தையின் காலந்தொட்டு அரண்மனை வைத்தியராகவும் நாட்டின் பெரிய காழியாகவும் இருந்த முதியவர் ஒருவரைக் குர்துபாவிலிருந்து அப்புறப்படுத்தி, லூஸேனா என்ற சிறிய ஊருக்கு அனுப்பினார். அந்த முதியவருக்கு அப்போது ஏறத்தாழ 70 வயது. மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட வேண்டும் என்று எல்லா ஊர்களுக்கும் கட்டளை சென்றது. கஸ்டீலிய மன்னனுடன் போர் நடந்த ஆண்டு அது. அந்நேரத்தில் அரசருக்கு மாலிகி ஃபுகஹாக்களின் ஆதரவு தேவைப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் காரணம் கூறுகிறார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். நான் கவனிக்கச் சொல்வது அந்தக் கட்டளையில் இருந்த விதிவிலக்கை. அல் மர்ராகுஷி என்ற வரலாற்றாசிரியர் அதனைப் பதிவு செய்திருக்கிறார். எரிக்க வேண்டியவற்றிலிருந்து மூன்று வகை நூல்கள் விலக்கப்பட்டன: மருத்துவம், கணிதம், இரவு பகலின் நேரங்களையும் கிப்லாவின் திசையையும் அறிவதற்குத் தேவையான அளவு வானியல்.

இந்தப் பட்டியலை ஆறுதலாக ஒருமுறை வாசியுங்கள். நமது வீடுகளின் பட்டியல் இதுவல்லவா? உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, அல்லது கணிதப் பிரிவு. அதற்கு வெளியே தொழுகை நேர அட்டவணை. இவை மூன்றும் கையில் இருந்தால் பிள்ளை கரை சேர்ந்தது என்று வாப்பாவும் உம்மாவும் நம்புகிறார்கள். சிந்திப்பதைக் கற்றுத்தரும் நூல் மட்டும் ஆபத்தானது, அல்லது பயனற்றது. அல் மன்ஸூர் நெருப்பு மூட்டினார். நமக்கு நெருப்புத் தேவைப்படவில்லை. வாங்காமல் விட்டாலே போதுமாக இருக்கின்றது.

எரிக்கப்பட்டவற்றுக்கும் விடப்பட்டவற்றுக்கும் சொந்தக்காரர் ஒரே மனிதர் என்பதை நமது பேச்சாளர்கள் சொல்வதில்லை. அபுல் வலீத் முஹம்மத் இப்னு அஹ்மத் இப்னு ருஷ்த் 1126இல் குர்துபாவில் பிறந்தார். அதே பெயர் கொண்ட அவரது பாட்டனார் குர்துபாவின் பிரதம காழி, மாலிகி மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவர். தந்தையும் காழி. பேரப்பிள்ளை 1169இல் இஷ்பீலியாவின் காழியானார், பின்னர் குர்துபாவின் காழியானார், 1182இல் இப்னு துபைலுக்குப் பிறகு கலீபாவின் தலைமை வைத்தியரானார். பகலில் வழக்குத் தீர்த்தவர், நோயாளியின் நாடி பிடித்தவர், அரிஸ்டோட்டிலின் நூல்களுக்குச் சுருக்கமாகவும் நடுத்தரமாகவும் விரிவாகவும் மூன்று வகை உரைகள் எழுதியவர் எல்லாம் இவர் ஒருவரே.

மருத்துவத்தில் அவர் எழுதிய 'அல் குல்லிய்யாத்' பொது விதிகளைப் பேசும் நூல். ஒவ்வொரு நோய்க்குமான தனித்தனிச் சிகிச்சையைத் தனது நண்பர் இப்னு ஸுஹ்ர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தான் பொதுவானதோடு நிறுத்திக்கொண்டார். இலத்தீனில் 'கொலிஜெட்' என்ற பெயரில் அது 1255இல் பதுவாவில் மொழிபெயர்க்கப்பட்டது. வானியலிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. 1153இல் மராக்கிஷில் இருந்தபோது ஸுஹைல் என்ற நட்சத்திரத்தைக் கண்டார். தனது அந்தலுஸில் அது தென்படுவதில்லை. தெற்கே போனால் தெரிகின்ற நட்சத்திரம் வடக்கே தெரியாமற் போவது, பூமி உருண்டை என்ற அரிஸ்டோட்டிலின் வாதத்துக்குச் சான்று என்று எழுதினார். முதுமையில் எழுதிய உரையொன்றில் இன்னொன்றும் சொன்னார். தொலமியின் வானியல் கணக்குக்குப் பொருந்துகின்றதே தவிர உண்மையில் வானத்தில் இருப்பதற்குப் பொருந்தவில்லை, இளமையில் இதைத் தீர்க்கலாம் என்று எண்ணியிருந்தேன், இப்போது அந்த நம்பிக்கை இல்லை, எனது சொல் வேறு யாரையாவது ஆராயத் தூண்டட்டும் என்பது அதன் சாரம். கணக்குச் சரிவந்தால் போதும் என்று விட்டுவிடாத மனம் இது. விஞ்ஞானி என்ற சொல்லுக்கு நான் இதைவிட வேறு இலக்கணம் தேடவில்லை.

இந்த மனம் ஃபிக்ஹுக்குள் வந்தபோது என்ன செய்தது? 'பிதாயதுல் முஜ்தஹித்' என்ற அவரது நூல் நமது மௌலவிமாருக்குப் பழக்கமானது. மத்ஹபுகளை ஒப்பிட்டுக் கற்பிக்கும் இடங்களில் அதன் பெயர் வராமல் இருக்காது. அதில் நோன்பு பற்றிய பகுதியில் பிறை விடயம் வருகின்றது. ஓர் ஊரில் கண்ட பிறை மற்ற ஊரைக் கட்டுப்படுத்துமா? இமாம்களின் கருத்துகளையும் குறைப் (றழி) அவர்களின் ஹதீஸையும் வைத்த பிறகு, அந்தலுஸும் ஹிஜாஸும் போன்ற மிகத் தொலைவான நாடுகளில் இது பொருந்தாது என்பதில் ஒத்த கருத்து உண்டு என்கிறார். அண்மையும் தொலைவும் ஒன்றல்ல, அகலாங்கிலும் நெட்டாங்கிலும் பெரிதும் விலகிய ஊர்களின் நிலை வேறு என்பதையே ஆராய்வு காட்டுகின்றது என்கிறார். ஸுஹைல் நட்சத்திரத்தைப் பார்த்த அதே கண் இங்கே ஹதீஸைப் பார்க்கின்றது. காழி ஒரு நாற்காலியிலும் வானியலாளர் இன்னொரு நாற்காலியிலும் உட்காரவில்லை.

ஒவ்வொரு ரமழானிலும் பிறையை வைத்து இரண்டு, மூன்று பெருநாள் கொண்டாடும் சமூகம் நாம். எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இரு தரப்பாரும் வெளியிட்ட துண்டுப்பிரசுரங்களை நான் வாசித்திருக்கிறேன். எதிர்த்தரப்பாரின் ஈமானைப் பற்றி அவற்றில் எழுதப்பட்ட அளவுக்கு அகலாங்கு பற்றி எழுதப்படவில்லை.

இனி அந்தச் சிறிய நூலுக்கு வருகிறேன். 'பஸ்லுல் மகால்'. 1180ஐ அண்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டது. ஒரே இரவில் வாசித்து முடிக்கலாம். அதனை மெய்யியல் நூல் என்பார்கள். எடுத்துப் பார்த்தால் அது ஒரு பத்வாவின் வடிவில் இருக்கின்றது. மெய்யியலையும் தர்க்கத்தையும் கற்பது ஷரீஅத்தில் ஆகுமானதா, தடுக்கப்பட்டதா, ஏவப்பட்டதா? ஏவப்பட்டதாயின் விரும்பத்தக்கதா, கட்டாயமானதா? காழி கேட்கும் கேள்வி இது. தகுதியுள்ளவர்களுக்குக் கட்டாயம் என்பது காழியின் தீர்ப்பு. சூரா அல் ஹஷ்ரின் 2ஆவது வசனத்தை அவர் முதல் ஆதாரமாக வைக்கிறார். பார்வையுடையோரைப் படிப்பினை பெறச் சொல்லும் வசனம் அது. படிப்பினை பெறுவதென்றால் தெரிந்ததிலிருந்து தெரியாததை வெளியே எடுப்பது, அதற்குப் பெயர்தான் கியாஸ். ஃபிக்ஹில் கியாஸை பித்அத் என்று நாம் தள்ளவில்லையே, அறிவின் கியாஸை மட்டும் ஏன் தள்ள வேண்டும் என்பது அவரது வாதம்.

இந்தக் கலை கிரேக்கர்களிடமிருந்து வந்தது, அவர்கள் நமது மார்க்கத்தவர் அல்லர் என்று சொல்வார்களே? அதற்கு அவரது பதிலை நமது ஊரின் குர்பான் நாளில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். அறுக்கும் கத்தி கூர்மையாக, தனது நிபந்தனைகளோடு இருந்தால் அறுப்பு ஆகும். கத்தியைச் செய்தவன் அல்லது உடையவன் எந்த மார்க்கம் என்று யாரும் கேட்பதில்லை. மெய்யியல் படித்துச் சிலர் வழிதவறினார்களே? தண்ணீர் குடித்துப் புரையேறி ஒருவன் செத்ததற்காகத் தாகத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் சாகவிடுவது போன்றது அந்தத் தடை என்கிறார். ஒன்று தற்செயலாக வந்த மரணம், தாகத்தால் வருவது நிச்சயமான மரணம்.

இங்கேதான் நமது காலத்தின் ஒரு பெரிய வியாபாரத்தோடு அவர் மோதுகிறார். மொரிஸ் புகைல் 1976இல் நூல் எழுதிய நாளிலிருந்து நமக்குள் ஒரு வகை எழுத்து பெருகிவிட்டது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் செலவழித்து ஒன்றைக் கண்டுபிடிப்பார். அது செய்தித்தாளில் வந்த மறுவாரம் நம்மில் ஒருவர் அதற்குரிய வசனத்தைக் கண்டுபிடிப்பார். அல் குர்ஆன் 1400 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது என்று தலைப்பிடுவார். அப்படியானால் அந்த 1400 வருடங்களும் வசனத்தை ஓதிக்கொண்டிருந்த நாம் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. நாளை அந்தக் கண்டுபிடிப்புத் திருத்தப்பட்டால் வசனத்தை என்ன செய்வது என்ற பயமும் எழுவதில்லை. இப்னு ருஷ்த் வசனத்திடம் விடையை எதிர்பார்க்கவில்லை, வேலையை ஏற்றுக்கொண்டார். ஆராயுங்கள் என்ற கட்டளையை வசனத்திலிருந்து எடுத்தார், ஆராய்ச்சியை வானத்திலும் உடலிலும் செய்தார். அவரைப் பொறுத்தவரை உண்மை உண்மைக்குப் பகையாகாது. ஆகவே ஆராய்ச்சியின் முடிவுக்கு அவர் பயப்படவில்லை. நாம் முடிவை மாத்திரம் எடுத்து ஒட்டுகிறோம். வேலை மற்றவனுக்கு, பெருமை நமக்கு.

இப்போது இமாம் கஸ்ஸாலி (றஹ்) அவர்களின் விடயம். இப்னு ருஷ்தைப் புகழும் நமது நவீன நண்பர்கள் சிலர், அந்தப் புகழுக்கு விலையாக இமாம் கஸ்ஸாலியைப் பலி கொடுக்கிறார்கள். கஸ்ஸாலி 'தஹாபுதுல் பலாஸிபா' எழுதினார், அதோடு முஸ்லிம்களின் விஞ்ஞானம் செத்தது என்பது அவர்களின் ஒற்றை வரி வரலாறு. இதைச் சொல்பவர்கள் அந்த நூலின் முன்னுரையையாவது வாசித்திருக்க வேண்டாமா? கிரகணம் எப்படி உண்டாகின்றது என்று கணிதச் சான்றோடு சொல்லப்பட்டதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்குத்தான் தீங்கு செய்கிறான் என்று கஸ்ஸாலி அங்கே எச்சரிக்கிறார். 1095இல் எழுதிய அந்நூலில் அவர் எடுத்துக்கொண்டவை 20 பிரச்சினைகள். அவற்றில் மூன்றில் மட்டுமே மெய்யியலாளர்களுக்குக் குப்ர் தீர்ப்பு வழங்கினார்: உலகம் தொடக்கமற்றது என்பது, அல்லாஹ் தனித்தனி விடயங்களை அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுவதை மறுப்பது. இவற்றில் எங்கே கணிதம், எங்கே மருத்துவம்?

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1259இல் மராகாவில் நஸீருத்தீன் தூஸியின் வானாய்வகம். கெய்ரோவில் இப்னுன் நபீஸ், 1288இல் மரணித்தவர், இதயத்திலிருந்து நுரையீரல் வழியாக இரத்தம் செல்லும் பாதையைச் சொன்னவர். நம்மைப் போல ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர், அந்த ஃபிக்ஹைக் கற்பித்தவரும்கூட. திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த இப்னுஷ் ஷாதிர், 1375 அளவில் மரணித்தவர். அவரது சந்திர மாதிரியும் பின்னர் கொப்பர்நிக்கஸ் முன்வைத்ததும் கணித ரீதியில் ஒன்றே. இவர்கள் எல்லோரும் கஸ்ஸாலிக்குப் பிந்தியவர்கள். செத்துப்போன விஞ்ஞானம் இத்தனை வேலை செய்யாது.

இப்னு ருஷ்த் கஸ்ஸாலியை எப்படி நடத்தினார் என்பதும் நமக்குப் பாடம். கஸ்ஸாலியின் உஸூல் நூலான 'அல் முஸ்தஸ்பா'வை மதித்துச் சுருக்கி எழுதியவர் இவரே. 'தஹாபுத்'துக்கு மறுப்பாக 'தஹாபுதுத் தஹாபுத்' எழுதியவரும் இவரே. மறுப்பு நூலில் கஸ்ஸாலியின் வார்த்தைகளைப் பந்தி பந்தியாக எடுத்துவைத்து, அதன் கீழ் தனது பதிலை எழுதினார். எதிராளியை அவரது சொந்தக் குரலிலேயே பேசவிட்டார். பல இடங்களில் கஸ்ஸாலியின் கண்டனம் இப்னு ஸீனாவுக்குப் பொருந்தும், ஏனெனில் இப்னு ஸீனா அரிஸ்டோட்டிலை விட்டு விலகிவிட்டார் என்று தன் அணியைச் சேர்ந்தவரையே விட்டுக்கொடுத்தார். நமது இலக்கியச் சண்டைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கதைத் தொகுதிக்கு எதிராகப் பத்துப் பக்கம் எழுதுவோம், அந்தக் கதைகளிலிருந்து பத்து வரி அதில் இருக்காது. எழுதியவனின் ஊர், அவன் சேர்ந்திருக்கும் குழு, அவன் பள்ளிக்கு வருவது வராதது எல்லாம் இருக்கும். மறுப்பு எழுதுவதற்குக்கூட நாம் இப்னு ருஷ்திடமிருந்து எதையும் கற்கவில்லை.

இனி நவீன நண்பர்களிடம் ஒரு வார்த்தை. உங்களுடைய இப்னு ருஷ்த் பெரும்பாலும் ஐரோப்பா செய்து தந்தவர். 1277இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைத் தடைசெய்தபோது, மெய்யியலுக்கு ஓர் உண்மை, மார்க்கத்துக்கு இன்னோர் உண்மை என்ற கோட்பாடு அவரது பெயரோடு ஒட்டப்பட்டது. அவர் எழுதியதோ அதற்கு நேர்மாறானது. 1852இல் எர்னஸ்ட் ரெனான் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மார்க்கத்தால் நசுக்கப்பட்ட தனிமையான பகுத்தறிவாளர் என்ற சித்திரம் அங்கிருந்து பரவியது. 1902, 1903ஆம் ஆண்டுகளில் எகிப்தில் பாரஹ் அன்தூனும் முஹம்மத் அப்துஹுவும் இதை வைத்தே மோதிக்கொண்டார்கள். 1997இல் யூஸுப் ஷாஹீன் எடுத்த 'அல் மஸீர்' திரைப்படத்திலும் நாம் பார்ப்பது பாட்டும் கூத்தும் சூழ்ந்த ஓர் எதிர்ப்பு வீரரை. நல்ல படம்தான். ஆனால் வுழூவின் பர்ளுகளை எத்தனை பக்கம் ஆராய்ந்தவர் அவர் என்பது அந்தப் படத்தைப் பார்த்தவருக்குத் தெரியாது. உங்களுக்குச் சங்கடமான இன்னொன்றும் உண்டு. ஷரீஅத்தின் அடிப்படைகளை மறுக்கும் ஸின்தீக்குகள் விடயத்தில் அவரது தீர்ப்பு அக்காலத்துக் காழிகளின் தீர்ப்பே: மரண தண்டனை. அவர் சேவை செய்த அதே முவஹ்ஹித் அரசின் கொடுமையால்தான் குர்துபாவின் யூதப் பிள்ளையான மூஸா இப்னு மைமூனின் குடும்பம் ஊரை விட்டு ஓடியது. இப்னு ருஷ்தை மார்க்கத்திலிருந்து பிரித்தெடுத்து ஒரு கொடியாகப் பிடிப்பவர்கள், காழியை எரித்துவிட்டு மெய்யியலாளரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அல் மன்ஸூர் செய்ததன் மறுபக்கம் இது.

அவரோடு எனக்கும் ஒரு வழக்கு உண்டு. மனிதரை அவர் மூன்றாகப் பிரித்தார். உறுதியான சான்றை விளங்குவோர், விவாதத்தை விளங்குவோர், பேச்சின் கவர்ச்சியை மட்டும் விளங்குவோர். வசனங்களின் ஆழ்ந்த விளக்கத்தை முதல் வகுப்பாருக்கு மட்டும் கொடுக்க வேண்டும், பொதுமக்களின் நூல்களில் அதனை எழுதுவது அவர்களைக் கெடுக்கும் என்றார். கஸ்ஸாலி மீது அவர் வைத்த பெரிய குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. இந்த இடத்தில் நான் கஸ்ஸாலியின் பக்கம். பொதுமக்களின் மொழியில் பேச மறுத்த அறிவுக்கு ஆபத்து வரும் நாளில் பொதுமக்கள் துணைக்கு வரமாட்டார்கள். வரவும் இல்லை. தன் மகனுடன் அஸர் தொழுகைக்காகக் குர்துபாவின் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது கூட்டத்தார் தன்னை வெளியே துரத்தியதே தனக்கு நேர்ந்த சோதனைகளில் மிகப் பெரியது என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கின்றது. எத்தனையோ வருடம் அந்த ஊரின் காழியாக இருந்தவர். அந்தக் கூட்டத்தாருக்கு அவர் என்ன எழுதினார் என்று தெரிந்திருக்க வழியே இருக்கவில்லை. தெரியப்படுத்தக் கூடாது என்பது அவரது கொள்கை. எழுத்தாளர்களாகிய நமக்கு இதில் ஒரு வேலை இருக்கின்றது. காழி மூடிய கதவைக் கதையும் கட்டுரையும் எழுதுபவன் திறக்க வேண்டும்.

எரிப்பு எதைக் கொண்டுபோனது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும். பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு அவர் எழுதிய உரையின் அறபு மூலம் இன்று இல்லை. ஹீப்ரு மொழிபெயர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கின்றது. அதில் தனது காலத்து அந்தலுஸ் நகரங்களைப் பற்றி எழுதுகிறார்: பெண்களின் திறமைகள் இங்கே தெரியாமற் போய்விட்டன, பிள்ளை பெறவும் வளர்க்கவும் மட்டுமே அவர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள், தாவரங்களைப் போல ஆக்கப்பட்டுவிட்டார்கள், இந்த நகரங்களின் வறுமைக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு முஸ்லிம் காழி 12ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தக் கருத்தை யூத மொழிபெயர்ப்பாளர்கள் நமக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 800 வருடங்களுக்குப் பிறகு நமது பெண் கவிஞர் ஒருவர் இதில் பாதியைச் சொன்னாலும் மேற்கின் கைக்கூலி என்கிறோம். மேற்கு எது, கிழக்கு எது என்று தெரியாமலே சொல்கிறோம்.

நம் வீட்டுக்கு வருவோம். எனது உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி உயர்தரத்துக்கு 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' எடுக்க விரும்பினாள். அது கலைப்பிரிவுப் பாடம், அதை வைத்து என்ன தொழில் செய்வாய் என்று வீடு கேட்டது, பாடசாலையும் கேட்டது. அவள் உயிரியல் படித்தாள். இரண்டு தரம் எழுதினாள், மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்னு ருஷ்தே மருத்துவர்தான். விஞ்ஞான முறை என்ற பெயரைத் தாங்கிய பாடத்தை விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை தொடுவதேயில்லை. விஞ்ஞானத்தை நம்புகிறோம் என்று சொல்லும் சமூகத்தின் இலட்சணம் இது. அறபுக் கலாசாலைப் பக்கம் போனால் அங்கே இன்னொரு கதை. வேலூர் பாக்கியாத்தில் ஓதி வந்த நமது மூத்த ஆலிம்களுக்கு மன்திக் என்ற தர்க்கக் கலை பாடமாக இருந்தது. 'ஈஸாகூஜி' ஓதாமல் மேல் வகுப்புக்குப் போனதில்லை. இன்று எத்தனை இடத்தில் அதை ஓதிக்கொடுக்கிறார்கள்? நவீனமயம் என்ற பெயரில் கணினி வந்தது, நல்லது. மன்திக் போனது, அதற்காக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மீண்டும் அதே பட்டியல்: பயன்படுவது இருக்கட்டும், சிந்திப்பது போகட்டும்.

நமது முன்னோடியையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அறிஞர் சித்திலெவ்வை என்றால் கல்வி, 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', 1885இல் வந்த 'அசன்பே சரித்திரம்' என்று பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். உலகத்தின் இரகசியங்களை ஆராயப் புகுந்த 'அஸ்றாறுல் ஆலம்' என்ற அவரது நூலைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? பாடசாலை கட்டியவரைக் கொண்டாடுகிறோம், அவர் சிந்தித்ததை அலுமாரியில் பூட்டிவைக்கிறோம்.

'பிதாயதுல் முஜ்தஹித்'தில் ஓரிடத்தில் இப்னு ருஷ்த் சொல்லும் உவமை இங்கே பொருந்தும். தனது காலத்தில், அதிகமான சட்டங்களை மனனமிட்டவரே பெரிய ஃபகீஹ் என்று மக்கள் எண்ணுகிறார்கள் என்கிறார். நிறையப் பாதணிகளை வைத்திருப்பவனே பாதணி செய்பவன் என்று எண்ணுவது போன்றது அது. ஒரு நாள் அவனிடம் இருக்கும் எந்தப் பாதணியும் பொருந்தாத கால் ஒன்று வரும். அப்போது, காலுக்கு ஏற்றபடி தைக்கத் தெரிந்தவனிடந்தான் போக வேண்டும். நமது மேடை இடாப்பு என்பது அந்தப் பாதணிக் கடை. அல் குவாரிஸ்மி ஒரு சோடி, இப்னு ஸீனா ஒரு சோடி, இப்னு ருஷ்த் ஒரு சோடி, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக. இந்த நாட்டில், இந்தக் காலத்தில், நமது கால் எதற்குள்ளும் போகவில்லை. தைக்கத் தெரிந்தவனை நாம் உருவாக்கவில்லை. எவனாவது ஊசியைக் கையில் எடுத்தால் அவனைப் பள்ளிவாசலுக்கு வெளியே விடுகிறோம்.

குற்றம் சாட்டிவிட்டு ஒதுங்குவது எனது நோக்கமல்ல. மூன்று வேலைகளைச் சொல்கிறேன். அறபுக் கலாசாலைகளின் இறுதியாண்டு மாணவர்களுக்கு 'பிதாயா'வோடு சேர்த்து 'பஸ்லுல் மகால்' வரிவரியாக ஓதிக்கொடுக்கப்பட வேண்டும். அதனை மறுக்க விரும்பும் உஸ்தாத் மறுத்தே ஓதிக்கொடுக்கட்டும், பக்கத்தில் கஸ்ஸாலியின் 'தஹாபுத்' முன்னுரையையும் வைக்கட்டும். இரண்டாவது, நமது பாடசாலைகளில் அளவையியலைக் கலைப்பிரிவின் கடைசி வாங்கிலிருந்து எழுப்பி, விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது கொடுக்க வேண்டும். அதற்குப் பரீட்சைப் புள்ளி இல்லை என்று சொல்பவர்களுக்கு, தொழுகைக்கும் பரீட்சைப் புள்ளி இல்லை என்பதை நினைவூட்டுகிறேன். மூன்றாவது நமக்கு, எழுதுபவர்களுக்கு. எதிராளியின் பந்தியை முழுமையாக எடுத்துவைக்காமல் ஒரு மறுப்பும் எழுதுவதில்லை என்று முடிவெடுப்போம்.

இந்தக் கட்டுரைக்கு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன், வர வேண்டும் என்றும் விரும்புகிறேன். எழுதுபவர்கள் எனது வார்த்தைகளை மேலே வைத்துக் கீழே தமது பதிலை எழுதட்டும். அடுத்த இதழில் அப்படி ஒரு மறுப்பு வந்தால், இந்த மண்ணில் இப்னு ருஷ்தின் வாரிசு ஒருவராவது இருக்கிறார் என்று நான் ஏற்றுக்கொள்வேன்.